மறு: மரங்கொத்திக் கணக்கெடுப்பு – 'குடித்தொகைப் போக்கு' சரியா?

கோப்பாய், உயிரியல் ஆசிரியை:
உயர்தர வகுப்புப் பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. எடுத்துக்காட்டு, வட அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய இனப்பெருக்ககாலப் பறவைக் கணக்கெடுப்பு. ஒரு பாதை ஏறக்குறைய 39 கி.மீ., 50 தரிப்பிடம். ஒவ்வொன்றிலும் 3 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் குறிக்க வேணும். அந்தத் தரவில் செந்தலை மரங்கொத்தி பல பத்தாண்டுகளாகக் குறைந்து வருவது தெரியுது. ஓர் இனத்தின் எண்ணிக்கை ஆண்டுகள் போகப்போகக் கூடிக் குறையிற இந்த விதத்தைக் 'குடித்தொகைப் போக்கு' என்று எழுதியிருக்கிறன். ஆட்சேபனை இருக்கோ?

வடமராட்சி, இளைப்பாறிய தமிழாசிரியர்:
இருக்கு, தங்கச்சி. குடி மனிதருக்கு உரியது. பறவைக்குப் புள் என்ற சொல் இருக்கு: புள் + தொகை = புட்டொகை. 'போக்கு' அதைவிட மோசம். தொல்காப்பியச் செய்யுளியலில் கலிப்பாவை முடித்துவைக்கும் உறுப்புக்குப் போக்கு என்று பெயர். உயிரோடு இருக்கிற பறவைக்கு முடிப்பு எழுதலாமோ? 'புட்டொகைச் செல்நெறி' என்று போடுங்கோ.

மானிப்பாய், மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, வகுப்பில் புட்டொகை என்றால் பிள்ளையளுக்குப் புட்டுத்தான் ஞாபகம் வரும். செல்நெறி நல்ல சொல், எங்கட இலக்கியத் திறனாய்வில் ஊறினது. ஆனால் நெறி என்றால் ஒரு நோக்கோடு போற வழி. குறைந்துபோற பறவைக்கு என்ன நோக்கு? எனக்கு உறுத்துவது 'தொகை'. 3 நிமிடத்தில் எண்ணினது மொத்தம் இல்லை. மரங்கொத்தி கத்தாமல் இருந்தால் விடுபடும். எண்ணுபவர் மாறினாலும் கணக்கு மாறும். ஆண்டுக்காண்டு ஒரே முறையில் எண்ணுவதால்தான் ஒப்பிட முடியுது. கிடைப்பது சுட்டி, அதாவது கூடுதோ குறையுதோ என்று மட்டும் காட்டுற எண். 'எண்ணிக்கைச் சுட்டியின் போக்கு' என்பதே உண்மை.

சாவகச்சேரி, பறவை பார்ப்பவர்:
எங்கட பனங்கூடலில் கொத்துறதை விட்டிட்டு ஏன் அமெரிக்காவுக்குப் போறியள்? வடபகுதிப் பொன்முதுகு மரங்கொத்தியின் துணையினப் பெயரே 'ஜஃப்னென்ஸ்', யாழ்ப்பாணத்தது. தெற்கே போனால் செம்முதுகு. இடையில் இரண்டும் கலந்து இனப்பெருக்கம் செய்யுது. அந்தக் கலப்பு வலயத்தில் கண்ட பறவையை எந்தக் குடியில் எழுதுறது? அதைத் தீர்க்காமல் போக்கைப் பற்றிக் கதைக்க ஏலாது.

கோப்பாய், உயிரியல் ஆசிரியை:
அண்ணை, உள்ளூர் மரங்கொத்தியை எடுத்துக்காட்டாகக் காட்ட எனக்கும் விருப்பம்தான். ஆனால் போக்கைக் காட்ட பல பத்தாண்டுத் தரவு வேணும், அதுக்குத்தான் அமெரிக்கக் கணக்கு. குடித்தொகை எங்கட பாடநூலில் விலங்குக்கும் தாவரத்துக்கும் வழங்குகிற சொல். சோதினைத்தாளிலும் அதுதான் வரும். மாற்றினால் பிள்ளையள் குழம்புவினம். மானிப்பாய்த் தம்பி சொன்னதை வரைபின் கீழ் ஒரு வரியாகச் சேர்க்கிறன்: 'இது மொத்தத் தொகை அன்று, ஒரே முறையில் பெற்ற எண்ணிக்கைச் சுட்டி.'

சாவகச்சேரி:
அப்படியே போடுங்கோ.

மானிப்பாய்:
அந்த வரி இருந்தால் எனக்கும் சம்மதம்.

வடமராட்சி:
எனக்குச் சம்மதம் இல்லை. புட்டொகையை விடுகிறன், செல்நெறியை விடமாட்டன். நோக்கில்லாத ஆறும் ஒரு நெறியில்தானே போகுது, தம்பி? 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' என்ற புறநானூற்று அடியை எடுத்து நாளைக்கு விரிவாக எழுதுறன்.