மலிவாகக் கிடைத்த பழைய மூன்று ஜா சக் நேராக ஓடவில்லை: கோளாறை எங்கே தேடுவது?

கேள்வி – அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து

வணக்கம். வீட்டுக் கொட்டகையில் நாலரை அடி பெல்ட் லேத் (கடைசல் எந்திரம்) ஒன்றை வைத்து, சுற்றுவட்டார வயல்களின் பம்புசெட்டுகளுக்குச் சாஃப்ட், புஷ் வேலைகளை ஓய்வு நேரத்தில் செய்து வருகிறேன். வேலைப் பொருளைப் பிடித்துச் சுற்றும் சக்கில், ஒவ்வொரு ஜாவையும் (பிடிக்கும் தாடை) தனித்தனியாக நகர்த்தும் நாலு ஜா சக் மட்டுமே என்னிடம் இருந்தது. ஒவ்வொரு கம்பியையும் டயல் (ஆட்டத்தைக் காட்டும் அளவுமானி) வைத்து நடுப்படுத்துவதற்கே நேரம் போய்விடுவதால், திருநெல்வேலியில் ஒரு பழைய இரும்புக் கடையில் 160 மில்லிமீட்டர் மூன்று ஜா சக் (மூன்றும் ஒன்றாக நகரும்) ஒன்றை, அதை லேத்தில் பொருத்தும் பேக் பிளேட்டுடன் மிகக் குறைந்த விலைக்கு வாங்கினேன். என் ஸ்பிண்டிலின் (சக்கைச் சுற்றும் தண்டின்) மூக்கு ஒன்றரை அங்குல விட்டம். அங்குலத்துக்கு 8 மரை (திருகுப் புரி).

25 மில்லி நேர்க்கம்பியைப் பிடித்து டயலில் பார்த்தால், ஜாவை ஒட்டி 0.30 மில்லியும், அங்கிருந்து 100 மில்லி தள்ளி 0.75 மில்லியும் ஆட்டம் காட்டுகிறது. ஜாக்களைக் கிரைண்ட் செய்யச் சொல்கிறார்கள் சிலர். சக்குக்கும் பிளேட்டுக்கும் இடையே பித்தளைத் தகடு வைக்கச் சொல்கிறார்கள் வேறு சிலர். எதைச் செய்வது?

பதில் – பேட்டையிலிருந்து, ஓய்வு பெற்ற டர்னர்

தம்பி, இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். மையம் மட்டும் விலகியிருந்தால் ஜாவை ஒட்டியும் தள்ளியும் ஏறக்குறைய ஒரே அளவுதான் காட்ட வேண்டும். தள்ளிப் போகப் போக ஆட்டம் கூடுகிறது என்றால், சக் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்பதே என் முதல் சந்தேகம். ஜாக்களின் வாய் தேய்ந்து விரிந்திருந்தாலும் இப்படிக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் கிரைண்ட் செய்து எடுத்த இரும்பு திரும்ப வராது. அந்தக் கிரைண்டிங் தூள் லேத்தின் பெட்டின் (அடித்தண்டவாளத்தின்) மேல் விழுந்தால் அதையும் அரித்துவிடும். ஆகையால் அது கடைசி வைத்தியமாக இருக்கட்டும்.

சக்கை நடுவில் நிறுத்துவது மரை என்று பலர் நினைக்கிறார்கள். மரை இழுத்துப் பிடிக்க மட்டுமே உதவும். மரைக்குப் பின்னால் ஸ்பிண்டிலில் இருக்கும் வழவழப்பான ரிஜிஸ்டர் பகுதி மையத்தைக் கொடுக்கிறது. அதற்கும் பின்னால் உள்ள தோள் (அகன்ற செங்குத்து முகம்) சாய்வில்லாமல் நிறுத்துகிறது. எனவே சக்கைக் கழற்றிவிட்டு ரிஜிஸ்டருக்கும் தோளுக்கும் முதலில் டயல் வையுங்கள். அங்கேயே ஆட்டம் இருந்தால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். அது சரி என்றால், பேக் பிளேட்டை மட்டும் ஏற்றி, தோளுக்கும் பிளேட்டின் ஹப்புக்கும் (நடுப் புடைப்புக்கும்) நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். மரைகளின் இடைவெளியான பிட்சைப் பிட்ச் கேஜ் வைத்தும் பாருங்கள்: 8 மரை என்றால் ஒரு பிட்ச் 3.175 மில்லி. 3 மில்லி பிட்ச் உள்ள மெட்ரிக் பிளேட்டாக இருந்தால் சில சுற்று ஏறிய பிறகு இறுகி நின்றுவிடும்.

பதில் – வள்ளியூரிலிருந்து

அதோடு ஜாக்களில் அடித்திருக்கும் 1, 2, 3 எண்களும் சக் உடலில் உள்ள எண்களும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பழைய இரும்புக் கடைச் சக்குகளில் வேறு சக்கின் ஜா கலந்திருப்பது வழக்கம். அப்படி இருந்தால் எந்த வேலையும் பலிக்காது. ஜாக்களைக் கழற்றி ஸ்க்ரோலை (ஜாக்களை நகர்த்தும் சுருள் வட்டை) டீசலில் கழுவிவிட்டு, எண் வரிசையிலேயே திரும்ப ஏற்றுங்கள்.

கேட்டவர்

ஜா எண்கள் பொருந்துகின்றன. ஸ்பிண்டிலில் டயல் அசையவில்லை. மரை சரியாக 8தான். பிளேட்டின் துளை ரிஜிஸ்டரில் ஆட்டமின்றி ஏறுகிறது. ஆனால் தோளின் ஒரு பக்கத்தில் 0.25 மில்லி ஃபீலர் நுழைகிறது, எதிர்ப்பக்கத்தில் நுழையவில்லை. ரிஜிஸ்டரின் நீளம் 11 மில்லி. பிளேட்டில் அதற்கான துளையின் ஆழம் 9 மில்லிதான். பிளேட்டின் தடிமன் 22 மில்லி.

பதில் – பேட்டையிலிருந்து

காரணம் அதுதான். தோளைத் தொடுவதற்கு முன்பே பிளேட்டின் முதல் மரை ஸ்பிண்டில் மரையின் முடிவில் இறுகி, பிளேட்டைச் சாய்த்து நிறுத்திவிடுகிறது. தகடு வைத்திருந்தால் இந்தச் சாய்வை மறைத்திருப்பீர்கள், அவ்வளவே.

நாலு ஜா சக் கையில் இருப்பது நல்லதாயிற்று. பேக் பிளேட்டின் ஹப் வெளியே தெரியும்படி அதில் பிடித்து, ரிஜிஸ்டர் துளையின் உட்சுவரை 0.02 மில்லிக்குள் நடுப்படுத்துங்கள். ஹப் முகத்திலும் டயல் வையுங்கள். ஹப் முகத்தை லேசாக ஃபேசிங் செய்த (சமமாகக் கடைந்த) பிறகு, துளையின் விட்டத்தைத் தொடாமல் ஆழத்தை மட்டும் 12 மில்லிக்குப் போரிங் செய்யுங்கள். இப்போது பிளேட் தோளில் முழுமையாக உட்காரும்.

அடுத்து, பிளேட்டை உங்கள் ஸ்பிண்டிலிலேயே ஏற்றி முன்பக்கத்தைக் கடைய வேண்டும். இருக்கிற ஸ்பிகாட் (சக்கின் பின்பள்ளத்தில் ஏறும் வட்டப் புடைப்பு) யாருடைய லேத்தின் மையத்துக்கோ கடைந்தது. அதை ஃபேசிங்கில் முழுவதும் எடுத்துவிட்டு, விளிம்பை 4 மில்லி பின்னுக்குத் தள்ளிப் புதிய ஸ்பிகாட் கடையுங்கள். 22 மில்லித் தடிமன் அதைத் தாங்கும். ஸ்பிகாட்டின் உயரம் சக்கின் பள்ளத்தை விடக் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் விளிம்பு உட்காராமல் பழைய கதையே திரும்பும். ஸ்பிகாட்டை இறுக்கமாக ஏறும் அளவுக்குக் கடைபவர்கள் உண்டு. பழைய சக்குக்கு நான் விட்டத்தில் 0.2 மில்லி தளர்வு விடுவேன், ஏனென்றால் ஸ்க்ரோல் தேய்ந்த சக்கில் ஸ்பிகாட் சரியாக இருந்தாலும் கம்பி விலகி நிற்கும். போல்ட்டுகளை அரை இறுக்கத்தில் வைத்து, டயலைப் பார்த்தபடி சக்கின் உடலை ரப்பர் சுத்தியலால் தட்டி மையத்துக்குக் கொண்டுவந்து, பிறகு முழுவதும் இறுக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். போல்ட்டுகள் பின்னாலிருந்து சக்குக்குள் ஏறும் வகை என்றால், பிளேட் மெலிந்த 4 மில்லியும் உள்ளே கூடுதலாகப் போய்த் துளையின் அடியில் முட்டும். இறுகியது போல் கைக்குத் தெரியும், பிளேட்டைப் பிடித்திருக்காது. போல்ட்டுகளை அந்த அளவுக்கு வெட்டிவிடுங்கள்.

கேட்டவர்

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஃபீலர் இப்போது எந்தப் பக்கத்திலும் நுழையவில்லை. போல்ட்டுகள் நீங்கள் சொன்ன வகைதான், வெட்டிவிட்டேன். ஜாவை ஒட்டி 0.06 மில்லி, 100 மில்லி தள்ளி 0.09 மில்லி. மிக்க நன்றி. என் மோட்டாரில் ரிவர்ஸ் ஸ்விட்ச் உண்டு. மரை வெட்டும்போது அதைப் பயன்படுத்தலாமா?

பதில் – பேட்டையிலிருந்து

இந்த அளவு போதும், தம்பி. ஸ்க்ரோல் சக் புதிதாக வாங்கினாலே பெரும்பாலும் இதை ஒட்டித்தான் இருக்கும். மரையில் ஏறும் சக்கை வைத்துக்கொண்டு ரிவர்ஸில் வெட்ட வேண்டாம். திடீரென்று ரிவர்ஸ் கொடுத்தாலோ பிரேக் போட்டு நிறுத்தினாலோ சக் தன் பாரத்தின் வேகத்திலேயே கழன்று பெட்டின் மேல் விழும். மரை வெட்டும்போது ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் டூலைப் பின்னுக்கு இழுத்து, மோட்டாரை நிறுத்திவிட்டு, ஸ்பிண்டிலைக் கையால் பின்னோக்கிச் சுற்றிக் கொண்டுவாருங்கள். சக்கை ஏற்றும்போதும் இறக்கும்போதும் பெட்டின் மேல் ஒரு பலகை கிடக்கட்டும்.