மாநகராட்சியின் கொரோனா அறிவிப்பில் தெருப் பெயர் இருக்க வேண்டுமா?

எழும்பூர்வாசி:
2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் சென்னை மாநகராட்சி நாள்தோறும் வெளியிட்ட மண்டலவாரிப் பட்டியலை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. 15 மண்டலங்களுக்கும் சிகிச்சையில் இருப்போர், குணமடைந்தோர், இறந்தோர் என்று எண்கள் வரும். அவற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கியதில்லை. ராயபுரம் மண்டலம் என்றால் ராயபுரம் மட்டுமல்ல. சவுகார்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை, நான் குடியிருக்கும் எழும்பூர் எல்லாம் அதில்தான் அடங்கும். மே மாதத்தில் அந்த மண்டலம் முதலிடத்தில் நின்றபோது, நோய் என் தெருமுனையில் இருக்கிறதா, துறைமுகத்துப் பக்கம் இருக்கிறதா என்று அறிய வழியில்லாமல், 78 வயதுத் தந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போகவும் தயங்கினேன். அடுத்த தொற்றுக்காலத்தில் 200 வார்டுகளுக்கும் தெருவாரியாக அன்றாடக் கணக்கு வெளிவர வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

தண்டையார்பேட்டை செல்வி:
ஐயா, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் தெருப் பெயரே வெளிவரவில்லை என்று சொல்ல முடியாது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகள் என்று தெருக்களின் பட்டியல் வந்தது. வந்த பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்த களப்பணியாளர்களில் நானும் ஒருத்தி.

நான் தினமும் போன ஒரு சந்தின் பெயர் வாட்ஸ்அப்பில் பரவிய மறுநாளே, தண்ணீர் கேன் போடும் பையன் சந்துமுனையோடு நின்றுவிட்டான். வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதன்பின், முந்தைய வாரம் "ஆமாம்மா, உடம்பு சுடுது" என்று தாமே சொன்ன வீடுகளில் எல்லாம் "இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வந்தது. ஒரு பாட்டி நிலைக்கதவை அடைத்தபடி நின்று பேசினார். அவருக்குப் பின்னால் ஜன்னல் திட்டில் பாதி தீர்ந்த பாராசிட்டமால் அட்டை கிடந்தது. உள்ளே யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள். "எழுதிடாத கண்ணு, மருமக வேலைக்குப் போவணும்" என்று அவர் கெஞ்சியது இன்றும் என் காதில் இருக்கிறது. மக்கள் வாய் திறந்து சொன்னால்தான் கணக்கு என்ற ஒன்றே உண்டு. தெருப் பெயரைப் போடுகிற அறிவிப்பு அந்த வாயை அடைத்துவிடுகிறது. அதே ஆண்டு ஏப்ரலில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யச் சென்றவர்கள் மீது இதே நகரத்தில் கல் விழுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

எழும்பூர்வாசி:
அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள், அம்மா. தெளிவான தகவல் இல்லாத இடத்தில்தான் வதந்தி புகுகிறது. ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். காய்கறி எங்கே, எப்படிக் கிடைக்கும் என்ற தெளிவு மக்களுக்கு இல்லாததால், 25ஆம் தேதி கோயம்பேடு சந்தையில் கூட்டம் நெருக்கியடித்தது. மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டபோது, அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாகத் தொற்று கடலூருக்கும் அரியலூருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. இன்ன இடத்தில் இன்ன நிலைமை என்று அன்றன்றைக்கே உரக்கச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருப்பார்கள்!

கணக்கர்:
தெருவா மண்டலமா என்று நீங்கள் இருவரும் வாதிடும்போது, வெளிவந்த எண் சரியானதா என்ற கேள்வி விடுபட்டுவிடுகிறது. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும் அரசின் அன்றாடச் செய்திக் குறிப்புக்கும் இடையே வேறுபாடு இருப்பதாக ஜூன் மாதத்தில் பேச்சு எழுந்து, குழு அமைத்து ஆராய்ந்து, 2020 ஜூலை 22 அன்று விடுபட்ட 444 இறப்புகளைக் கணக்கில் சேர்த்தார்கள். அவை மார்ச் 1 முதல் ஜூன் 10 வரையிலானவை. தவற்றை ஒப்புக்கொண்டு திருத்தியதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த 444 பேரின் குடும்பத்தாரும் மாலைதோறும் அதே செய்திக் குறிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய பரிசோதனை எத்தனை, எந்த நாளின் எண் எப்போது திருத்தப்பட்டது என்ற இரண்டும் இல்லாத பட்டியல், தெருவாரியாக வந்தாலும் பயன்படாது.

தண்டையார்பேட்டை செல்வி:
கணக்கர் ஐயா சொல்வதை முழுதாக ஏற்கிறேன். எழும்பூர் ஐயாவுக்கு ஒன்று சொல்கிறேன். வார்டு அளவில் கணக்குத் தரட்டும். சந்தை, வணிக வளாகம், மண்டபம் போன்ற பொது இடங்களின் பெயரையும் சொல்லட்டும். குடியிருக்கும் தெருவின் பெயர் வர வேண்டிய இடம் வேறு. நாளைக் காலை காய்ச்சல் முகாம் எந்தத் தெருவில், சளி மாதிரி எடுக்கும் வண்டி எங்கே எத்தனை மணிக்கு நிற்கும் என்ற பட்டியலில் அது வரட்டும். நோயாளி இருக்கும் தெரு என்றால் ஊரே ஒதுங்கிப் போகும். மருத்துவர் வருகிற தெரு என்றால் நடந்தே வந்து சேருவார்கள். முகாம் எங்கே என்று என்னிடம் தேடி வந்து கேட்டவர்கள் ஏராளம்.

எழும்பூர்வாசி:
பொது இடங்களைப் பற்றி நாம் ஒத்துப்போவதில் மகிழ்ச்சி. ஆனால் ஒரே தெருவில் நான்கு நாள் தொடர்ந்து முகாம் நடந்தால், அங்கே நோய் இருக்கிறது என்று பக்கத்துத் தெருக்காரர் ஊகிக்க மாட்டாரா? நீங்கள் தவிர்க்க நினைக்கும் ஒதுக்கல் அந்த வழியாக வராதா?

தண்டையார்பேட்டை செல்வி:
வரக்கூடும். அதனால்தான் நோய் இருக்கும் இடத்துக்கு மட்டுமல்லாமல், வார்டின் எல்லாத் தெருக்களுக்கும் முகாம் முறைவைத்துப் போக வேண்டும் என்று அன்றே எங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அதற்குப் போதிய ஆளும் வண்டியும் இல்லை என்றார்கள். நாள்தோறும் ஒரு வார்டைச் சுற்றிவர எத்தனை பேர் தேவைப்படும் என்று கணக்கர் ஐயா போட்டுச் சொன்னால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு மேலே பேசலாம்.