ரும்மு கல்குவாரி ஏரி: ஒரே இரவில் மூழ்கியதா? கதைகளில் எது நிற்கும்?

தண்டையார்பேட்டை படிப்பகம்:
எஸ்தோனியாவில், தாலின் நகருக்குத் தென்மேற்கே உள்ள ரும்மு கல்குவாரியைப் பற்றித் தமிழில் வீடியோ மேல் வீடியோவாக வருகிறது. சோவியத் காலத்தில் பக்கத்துச் சிறைக் கைதிகள் சுண்ணாம்புக்கல் வெட்டிய இடம். இன்று அது நீல ஏரி, அதில் பாதி மூழ்கிய கட்டடங்கள், கரையில் ஒரு வெள்ளை மலை. எங்கள் படிப்பகத்தில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. அவர்கள் கேட்டுவிட்டு வரும் கதைகள் நான்கு. பம்பு நின்ற ஒரே இரவில் இயந்திரங்களும் கைதிகளும் மூழ்கினார்கள். அணுக்கழிவால்தான் தண்ணீர் நீலம். அடியில் கடற்படைத் தளத்துக்குச் சுரங்கப்பாதை இருக்கிறது. வெள்ளை மலை முழுக்கச் சாம்பல். "எல்லாம் புரளி" என்று சொன்னால் ஒரு பிள்ளையும் கேட்காது. காரணத்தோடு எப்படிச் சொல்வது? செய்து காட்ட ஏதாவது உண்டா?

நிலத்தடி நீர், மாதவரம்:
தோழர், முதல் கதையில் தண்ணீர் ஏறியது நிஜம், வேகம்தான் பொய். குவாரியின் தரை நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், ஊறுவதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் வேலை நடக்கும். எஸ்தோனியா 1991-ல் சுதந்திரம் பெற்றதை ஒட்டி வேலை நின்றது, பம்புகளும் நின்றன.

கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஒரு கோடி லிட்டர். பத்து மீட்டர் ஆழம் என்றால் பத்துக் கோடி. நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரியில் 8,333 நடை. பத்து மணி நேரத்தில் இது நிரம்ப வேண்டுமானால் நொடிக்குச் சுமார் 2,800 லிட்டர் ஊற வேண்டும், அதாவது நான்கு நொடி சொச்சத்துக்கு ஒரு லாரி. ஒரே ஒரு ஹெக்டேருக்கே இவ்வளவு. ஏரி அதைவிடப் பல மடங்கு பெரியது.

ஆனால் பம்பு நின்ற முதல் நாட்களில் ஏற்றம் வேகமாகத்தான் இருக்கும், அதையும் மறைக்காதீர்கள். சுற்றியுள்ள பாறையில் நீர்மட்டம் மேலே, குழிக்குள் கீழே. அந்த உயர வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. குழி நிரம்ப நிரம்ப வித்தியாசம் குறைந்து ஏற்றம் மந்தமாகும். தரையிலும் பள்ளமான மூலைகள் முதலில் நிரம்பும். அங்கே விட்டுப்போன ஒரு பழைய இயந்திரம் சில நாளிலேயே முங்கியிருக்கலாம். "ஒரே இரவு" இப்படித்தான் முளைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொரு சாட்சி மரங்கள். முக்குளிப்பவர்கள் எடுத்த படங்களில் தண்ணீருக்கடியில் நின்ற நிலையில் மரங்கள் தெரியும். லாரி ஓடுகிற குவாரித் தரையில் மரம் வளராது. தண்ணீர் வருமுன்பே அந்தப் பகுதி ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்திருக்கிறது. கைதிகள் கதைக்குப் பதில் இன்னும் எளிது: பக்கத்திலிருந்த முர்ரு சிறை ஏரி உருவான பிறகும் நடந்தது, 2010களின் தொடக்கத்தில்தான் மூடினார்கள். வீடியோக்காரர்கள் இரண்டு மூடல்களையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

கவுன்டர் பெட்டி, எர்ணாவூர்:
அணுக்கழிவு, சுரங்கப்பாதை இரண்டுக்கும் வேர் பால்திஸ்கி. ரும்முவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 17 கி.மீ. தூரத்தில் உள்ள துறைமுக ஊர், சோவியத் காலத்தில் வெளியாள் நுழைய முடியாத இடம். நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளுக்குப் பயிற்சி தர அங்கே தரைமேலேயே அணு உலைகள் வைத்திருந்தார்கள். முதல் உலை 1968-ல் ஓடத் தொடங்கியது, 1989-ல் உலைகளை நிறுத்தினார்கள், எரிபொருளை 1994-ல் ரஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள், இடம் 1995-ல் எஸ்தோனியாவின் கைக்கு வந்தது. இத்தனையும் பதிவான வரலாறு. அதைக் குவாரியோடு முடிச்சுப் போட்டது மட்டும்தான் கற்பனை.

சுரங்கப்பாதையைத் தண்ணீரை வைத்தே மறுக்கலாம். பால்திஸ்கி கடலோரம். ரும்மு ஏரியோ நன்னீர், மட்டமும் கடலுக்கு மேலே. திறந்த பாதை இருந்திருந்தால் ஏரி கடல்மட்டம்வரை வடிந்திருக்கும்.

வீடியோவில் ஒருவர் கரையில் கதிர்வீச்சை எண்ணும் கைகர் கவுன்டரை நீட்ட, அது டிக் டிக் என்கிறது. எஸ்பிஎம்-20 என்ற வகைக் கதிர் உணர் குழல் போட்ட கருவி எந்தத் தெருவிலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய இருபது முறை துடிக்கும். எந்தக் குழல், எத்தனை நிமிடச் சராசரி, ஒப்பிட எடுத்த வேறு இடம் எது என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. குறைந்தது பத்து நிமிடம் எண்ண வேண்டும். தண்ணீர் காமா கதிரை நன்றாகத் தடுக்கும், ஒரு மீட்டர் தண்ணீரே பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆகவே ஏரியின் நடுவில், படகில் எடுக்கும் அளவு கரையைவிடக் குறைவாக வருவதே இயல்பு. ஏரியடியில் கழிவு கிடந்தாலும் மேலே நீட்டிய கவுன்டர் அதைக் காட்டாது, தண்ணீரையும் வண்டலையும் ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். வட எஸ்தோனியாவின் நிலத்தடியில் இயற்கையாகவே யுரேனியம் கலந்த களிப்பாறை உண்டு, வீடுகளில் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் பிரச்சினையும் உண்டு. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமத்தால் கவுன்டர் வேகமாகத் துடிக்கிறதே, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நீலத்துக்குக் காரணம் சுண்ணாம்பு. தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்குகிறது. மிதக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள் மிச்ச ஒளியைச் சிதறடிக்கிறது. வெளிறிய தரை திருப்பி அனுப்புகிறது. பாஸ்பரஸும் சுண்ணாம்போடு சேர்ந்து அடியில் படிந்துவிடுவதால் பாசி அதிகம் பிடிப்பதில்லை.

அனல் மின், எண்ணூர்:
வெள்ளை மலை கல் வெட்டும்போது ஒதுக்கிய கழிவு. பிள்ளைகளுக்கு வினிகரை வைத்துக் காட்டுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் சுண்ணாம்புக்கல் பொடி, இன்னொன்றில் அனல் மின் நிலையச் சாம்பல் குளத்துச் சாம்பல், இரண்டிலும் 50 மில்லி வினிகர். சுண்ணாம்புக்கல் நுரைக்கும், நம் நிலக்கரிச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் என்பதால் சும்மா இருக்கும். கிளிஞ்சலை இடித்தும் எடுக்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், அது சுட்டு நீற்றியது, சரியாக நுரைக்காது.

கவுன்டர் பெட்டி, எர்ணாவூர்:
அண்ணா, இந்தச் சோதனை நம் சாம்பலுக்குச் சரி, எஸ்தோனியாவுக்குப் போதாது. அங்கே மின்சாரத்துக்கு எரித்தது நிலக்கரி இல்லை, எண்ணெய்க் களிக்கல். அதன் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி, எரியாமல் மிஞ்சிய கார்பனேட்டும் இருக்கும், அதுவும் நுரைக்கும். நிஜமான சாம்பல் மலைகள் நாட்டின் வடகிழக்கில், நார்வா, கோத்லா-யார்வே பக்கம் இருக்கின்றன. ரும்முவின் மலையைச் சாம்பல் என்று நம்பக் காரணம் அவையாக இருக்கலாம்.

பிரித்துக் காட்டுவது கசிவு நீர். அந்தச் சாம்பலிலிருந்து வடியும் தண்ணீர் கடுங்காரம், பிஎச் 12-ஐத் தாண்டும், தோலை அரிக்கும். ரும்மு மலையின் ஓடைகள் வடியும் ஏரியில் மக்கள் கோடையில் நீந்துகிறார்கள். மலையின் பக்கங்களில் தெரியும் ஆழமான கீறல்கள், இறுகாத பொடிக்கழிவை மழை அறுத்த தடம்.

தண்டையார்பேட்டை படிப்பகம்:
அருமை தோழர்களே. தண்ணீர் ஏறுவதைத் தொட்டியில் காட்ட முடியுமா? "அங்கே குதிச்சு நீந்தலாமா" என்றும் கட்டாயம் கேட்பார்கள்.

நிலத்தடி நீர், மாதவரம்:
முடியும். 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, சலித்துக் கழுவிய பொடி மணல் 15 செ.மீ. உயரத்துக்கு. அடி வெட்டிய தகர டப்பாவில் ஆணியால் நெருக்கமாகத் துளை போட்டு, கொசுவலை சுற்றி நடுவில் இறக்குங்கள். டப்பாவுக்குள் இருக்கும் மணலை அள்ளிவிடுங்கள். மணலுக்கு 3 செ.மீ. கீழே நிற்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். 50 மில்லி சிரிஞ்சில் குழாய் மாட்டி உறிஞ்சினால் குழி வற்றும், நிறுத்தினால் ஊறும். உள்ளே ஒரு அளவுகோல் வைத்து ஐந்து நொடிக்கு ஒருமுறை மட்டத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். முதலில் வேகமும் பிறகு மந்தமும் எண்ணிலேயே வரும்.

கெடுவது இரண்டு இடத்தில். பரு மணல் போட்டால் சில நொடியில் நிரம்பிவிடும், குறிக்க முடியாது. எம்-சாண்ட் போட்டால் கல்தூள் வலையை அடைக்கும். உறிஞ்சிய தண்ணீரைத் தொட்டி ஓரத்தில் திருப்பி ஊற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் வெளி மட்டமும் இறங்கிக் கணக்கு குழம்பும்.

முக்குளி, காசிமேடு:
நீச்சல் கேள்விக்கு. கடல் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1.025 கிலோ, குவாரித் தண்ணீர் 1 கிலோ. கடலில் பழகிய உடம்பு நன்னீரில் அவ்வளவு மிதக்காது, 80 கிலோ ஆளுக்கு இரண்டு கிலோ தாங்குதல் குறையும், சீக்கிரம் களைப்பார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் என்று பிள்ளைகள் சொல்லும் காற்று சிலிண்டரோடு இறங்குபவர் ஈயக்கட்டியை அந்த அளவுக்குக் குறைத்துக் கட்டுவார்.

கோடையிலும் மேலே சில மீட்டர்தான் வெதுவெதுப்பு. அதற்குக் கீழே குளிர் சட்டென்று தாக்கும், மூச்சு தானாக இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. சுவர்களில் துரு ஏறிய கம்பி, முள்வேலி. அடிமண் சுண்ணாம்புச் சேறு, காலில் மாட்டிய துடுப்பை மேல்கீழாக அடித்தால் ஒரே நிமிடத்தில் கை தெரியாது. அதனால்தான் அங்கே இறங்குபவர்கள் காலைப் பக்கவாட்டில் விரித்துத் தள்ளும் தவளை உதைப்பு போடுவார்கள், வழிக்கயிறு கட்டுவார்கள், கம்பி வெட்ட கத்தரி வைத்திருப்பார்கள். கட்டடத்துக்கு மேலிருந்து குதிக்கிற வீடியோவைக் காட்டினால், மூழ்கிய சுவர்களின் படத்தையும் சேர்த்தே காட்டுங்கள். பல்லாவரம், மாங்காடு பக்கத்துக் குவாரிக் குட்டைகளிலும் கரை செங்குத்து, ஏறிவரப் பிடி கிடையாது. அதை ரும்முவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், தோழர்.