கந்தகம் கூடினால் செம்பும் கூடுமா?

பாறைமணி:
எம்.எஸ்சி. நிலவியல் படிக்கிறேன். போர்ஃபைரி செப்புப் படிவுகள் (மாக்மாவிலிருந்து பிரிந்த சுடுநீர் பாறைகளில் விட்டுச்சென்ற செம்புத் தாது) பாடத்தில் ஓர் இடத்தில் முட்டி நிற்கிறேன். மாக்மாவில், அதாவது பூமிக்குள் உருகிய பாறைக் குழம்பில், கந்தகம் மிகுந்தால் சல்ஃபைடு துளிகள் (கந்தகமும் உலோகமும் சேர்ந்தவை) பிரிந்து, செம்பை உறிஞ்சிக்கொண்டு ஆழத்திலேயே தங்கிவிடும், படிவு உருவாகாது என்கிறது ஒரு பக்கம். அடுத்த பக்கமே, கந்தகம் நிறைந்த மாக்மாதான் பெரிய படிவுகளைத் தரும் என்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும்?

கோர்பெட்டி:
இரண்டும் சரிதான் தம்பி. கந்தகம் எந்த உருவில் இருக்கிறது, எப்போது சல்ஃபைடாகிறது என்று பாருங்கள்.

ஆக்சிஜன் குறைந்த மாக்மாவில் கந்தகம் சல்ஃபைடாக இருக்கும். கொஞ்சம் சேர்ந்தாலே துளியாகப் பிரியும். செம்புக்கு உருகிய பாறையைவிட அந்தத் துளிமேல்தான் பல நூறு மடங்கு பிரியம். ஆக்சிஜன் மிகுந்த மாக்மாவில் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து சல்ஃபேட்டாகக் கரைந்திருக்கும். பத்து மடங்கு அதிகமாகக்கூடக் கரையும், துளி பிரியாது. செம்பு மாக்மாவிலேயே தங்கி, பிறகு பிரியும் உப்பு நீரோடு மேலே ஏறும். அந்த நீர் 400 டிகிரி வாக்கில் குளிரும்போது அதிலுள்ள சல்ஃபர் டை ஆக்சைடு இரண்டாக உடைகிறது. ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடாகிச் செம்பையும் இரும்பையும் பிடித்துச் சால்கோபைரைட் என்ற செம்புத் தாது ஆக்கும். மூன்று பங்கு சல்ஃபேட்டாகிக் கால்சியத்தோடு அன்ஹைட்ரைட் (கால்சியம் சல்ஃபேட் கனிமம்) ஆகும்.

சிலியில் சில காலம் கோர் லாகிங் (துளையிட்டு எடுத்த உருளைக் கற்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலை) பார்த்தவன் நான். ஒரே நரம்பில் மஞ்சள் சால்கோபைரைட்டும் வெளிர் ஊதா அன்ஹைட்ரைட்டும் ஒட்டிக்கொண்டு வரும். மேல்மட்ட கோரில் அன்ஹைட்ரைட் நிலத்தடி நீரில் கரைந்துபோய், கல் கையிலேயே உதிரும். இறங்க இறங்க இறுகும்.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். சால்கோபைரைட்டில் செம்பும் கந்தகமும் எடையில் ஏறக்குறைய சமம், தலா 35 சதவீதம். சிலியின் எல் தெனியந்தே படிவில் சுமார் 10 கோடி டன் செம்பு. அதைப் பிடித்துவைக்கவே கிட்டத்தட்ட அதே அளவு கந்தகம் வேண்டும். பைரைட்டிலும் (இரும்புச் சல்ஃபைடு) அன்ஹைட்ரைட்டிலும் உள்ள கந்தகம் தனி. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலை கக்கிய சல்ஃபர் டை ஆக்சைடு ஒன்றரை முதல் இரண்டு கோடி டன். அதில் பாதி எடைதான் கந்தகம். அப்படியானால் எல் தெனியந்தேக்குப் பத்து பினதுபோவாவது வேண்டும்!

லாவாப்பிரியன்:
பினதுபோவை இழுத்ததால் ஒன்று சொல்லணும். அதன் நுரைக்கல்லில் அன்ஹைட்ரைட் படிகங்கள் இருந்தன. அந்த டேசைட் குழம்பு (சிலிக்கா மிகுந்த மாக்மா) தன்னளவில் அவ்வளவு கந்தகத்தைக் கரைத்து வைத்திருக்க முடியாது. அடியில் வந்து சேர்ந்த பசால்ட் (சிலிக்கா குறைந்த, சூடான மாக்மா) கொடுத்தது என்பதே பலர் கருத்து. எரிமலைக்கு அருகிலேயே, சம்பாலெஸ் மாகாணத்தில், டிசோன் என்ற பழைய போர்ஃபைரி செப்புச் சுரங்கமும் உண்டு. ஆனால் இப்படி வெடித்தால் வாயுவெல்லாம் வானத்துக்குப் போய்விடுமே. வெடிக்காமல் உள்ளேயே கசிந்தால்தானே படிவு?

கோர்பெட்டி:
அதேதான். ஆழத்தில் முதலில் பிரிந்து தங்கிய சல்ஃபைடு பிறகு மறுபடி உருகி, செம்பைத் திருப்பித் தரும் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை, எல்லாப் படிவுக்கும் அது தேவைப்படவில்லை.

பாறைமணி:
நன்றி அண்ணா. ஃபீல்டில் நிற்கும்போது, அந்த மாக்மா எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

கோர்பெட்டி:
முதலில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். ஜப்பானின் இஷிஹாரா 1977-இல் கிரானைட்டுகளை, அவற்றில் உள்ள இரும்புக் கனிமத்தை வைத்து, மேக்னடைட் வகை, இல்மனைட் வகை என்று பிரித்தார். போர்ஃபைரி செம்பு பெரும்பாலும் காந்தம் ஒட்டும் முதல் வகையோடு, அதாவது ஆக்சிஜன் மிகுந்த மாக்மாவோடு, வரும், வெள்ளீயம் இரண்டாவதோடு. சுடுநீரால் மாற்றமடைந்த பாறையில் மேக்னடைட் அழிந்திருக்கும், அதனால் புதுக்கல்லாகப் பார்த்து உடையுங்கள். ஹார்ன்பிளெண்ட் (நீரைத் தன்னுள் கொண்ட கருங்கனிமம்) இருந்தால் மாக்மாவில் நீர் நிறைய இருந்தது என்று பொருள். கந்தக அளவு வேண்டுமென்றால் அபடைட் (கால்சியம் பாஸ்பேட் கனிமம்) படிகங்களைப் பிரித்து, நுண்ணிய இடத்தின் வேதிச் சேர்க்கையை அளக்கும் எலெக்ட்ரான் புரோப் கருவியில் வைக்க வேண்டும். அபடைட் தன் உடலிலேயே சல்ஃபேட்டைச் சேர்த்துக்கொள்ளும். சிர்கான் என்ற உறுதியான கனிமத்துக்குள் அடைபட்ட அபடைட் கிடைத்தால் இன்னும் நல்லது, பின்னால் வந்த சுடுநீர் அதைத் தொட்டிருக்காது.