மீட்டிங்ல கருத்து கேட்டா ஸ்டாஃப் யாருமே வாய் திறக்க மாட்டேங்கறாங்க, எச்எம் கறாரா இருந்தாத்தான் ஆகுமா?

நெல்லிக்கனி:
எல்லாருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளில பட்டதாரி ஆசிரியரா இருந்தேன், இந்த ஜூன்லருந்து வேற ஸ்கூல்ல பொறுப்பு எச்எம். எனக்கு முன்னாடி இருந்த சார் ரொம்ப கறார், மீட்டிங்னா அவர் சர்குலர வாசிப்பாராம், எல்லாரும் கையெழுத்து போட்டுட்டு கிளம்பிடுவாங்களாம். எனக்கு அப்படி நடத்த மனசு வரல. பத்தாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ் காலைல எட்டரைக்கு வைக்கலாமா சாயங்காலம் வைக்கலாமான்னு மீட்டிங்ல கேட்டேன், "நீங்க சொல்றத செய்றோம் மேடம்"னு மட்டும்தான் பதில். மத்தியானம் சத்துணவு அக்கா வந்து மெதுவா சொல்றாங்க, ரெண்டு ஊர் புள்ளைங்களுக்கு எட்டே முக்காலுக்குத்தான் முதல் பஸ்ஸே வரும்னு. மீட்டிங்ல உக்காந்திருந்த அத்தன பேருக்கும் அது தெரியும்! பெரியவங்க முன்னாடி பேசாதன்னு வளந்த பழக்கமா இது, இல்ல நான் கேக்கற விதமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கரிசல் வாத்தியார்:
அம்மா, நான் எச்எம்மா இருந்து ரிடையர் ஆனவன். நம்ம பக்கம் மீட்டிங்ங்கறது முடிவ அறிவிக்கிற இடம், பேசுறதெல்லாம் அதுக்கு முன்னாடியே பேசிடணும். பத்து பேர் நடுவுல எச்எம் சொன்னத மறுத்தா எச்எம்முக்கு மரியாதைக் குறைவுன்னு நெனைக்கிறாங்க, அத பயம்னு மட்டும் எடுத்துக்காதீங்க. உங்கள விட சீனியர் யாராவது இருப்பாங்கல்ல, முதல்ல அவங்ககிட்ட போங்க. உங்க ரூமுக்குக் கூப்பிட்டு விடாதீங்க, ஃப்ரீ பீரியட்ல நீங்களே ஸ்டாஃப் ரூமுக்குப் போய் பக்கத்துல உக்காந்து "சார், இத்தன வருஷமா இங்க இருக்கீங்க, இது சரிப்படுமா"ன்னு கேளுங்க. கொட்டித் தீத்துடுவாங்க. அப்புறம் மீட்டிங்ல "இது சார் சொன்ன யோசனை"ன்னு பேர் சொல்லி சொல்லுங்க, அத மட்டும் மறந்துடாதீங்க. ஜப்பான்லயும் இதே பழக்கம் உண்டு, மீட்டிங்குக்கு முன்னாடியே ஒவ்வொருத்தரா பாத்துப் பேசி சம்மதம் வாங்கிட்டுத்தான் விஷயத்தையே எடுப்பாங்க.

சாக்பீஸ்:
வாத்தியார் ஐயா சொல்றத மதிக்கிறேன், ஆனா எல்லாத்தையும் நம்ம பழக்கம்னு சொல்லிட முடியாது. நான் ஸ்டாஃப் சைடு. ஏன் வாய் திறக்க மாட்டோம்னா, யோசனை சொல்றவங்க தலையிலயே அந்த வேலையும் வந்து விழும், ஏற்கனவே எமிஸ் என்ட்ரி (புள்ளைங்க, ஸ்கூல் விவரத்த ஆன்லைன்ல ஏத்தற வேலை), தேர்தல் வேலைன்னு கிடக்கு. ரெண்டாவது, எதுத்துப் பேசினவங்களுக்கு 17(ஏ), அதான் ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ், வந்த கதை எல்லா ஸ்டாஃப் ரூம்லயும் ஒன்னு இருக்கும். எச்எம்மையும் குத்தம் சொல்ல முடியல, ரிசல்ட் குறைஞ்சா ரிவ்யூ மீட்டிங்ல அத்தன எச்எம் முன்னாடியும் நிக்க வச்சு கேக்கறாங்க, அங்க வாங்கினத இங்க வந்து எங்க மேல இறக்கறாங்க, மேல இருந்து கீழ வரைக்கும் இதே முறைதான். நெல்லிக்கனி மேடம், தப்பு நடந்தா பொறுப்பு என்னுதுன்னு ஒரு தடவ ஸ்டாஃப் முன்னாடி நின்னு காட்டுங்க, அப்புறம் தானா பேசுவாங்க.

சிராங்கூன்:
நான் சிங்கப்பூர்ல டீச்சர். மேல இருக்கறவங்களுக்கும் கீழ இருக்கறவங்களுக்கும் நடுவுல இருக்கற அதிகார இடைவெளிய மக்கள் எவ்வளவு இயல்பா ஏத்துக்கறாங்கன்னு ஹாஃப்ஸ்டெட்னு ஒரு டச்சு ஆய்வாளர் ஒரு அளவு வச்சார், எண் கூடுனா ஏத்துக்கறதும் கூடுதல்னு அர்த்தம், அதுல இந்தியா 77, சிங்கப்பூர் 74, டென்மார்க் 18. அது ஐபிஎம் ஊழியர்கள்கிட்ட எடுத்த சர்வே, அப்படியே ஸ்கூலுக்குப் பொருத்திட முடியாது, ஆனாலும் இங்கயும் பிரின்சிபால்னா எழுந்து நிக்கிற மரியாதை இருக்கத்தான் செய்யுது. வித்தியாசம் எங்கன்னா, இங்க பிரின்சிபாலா போறவங்கள முன்னாடியே தேர்ந்தெடுத்து தேசியக் கல்விக் கழகத்துல மாசக்கணக்குல முழு நேரப் பயிற்சி குடுக்கறாங்க, சில வருஷத்துக்கு ஒரு தடவ அமைச்சே வேற ஸ்கூலுக்கும் மாத்திடுது. ஸ்கூல் ஒரு ஆளோட சொத்து மாதிரி ஆகறதில்ல. உங்க ஊர்ல சீனியாரிட்டில பதவி வருது, எப்படி நடத்தணும்னு கத்துக்க யாருமே டைம் தர்றதில்ல. மேடம் தானா யோசிச்சு இந்தக் கேள்விய கேக்கறாங்கன்னா அதுவே பெரிய விஷயம்.

நெல்லிக்கனி:
ரொம்ப நன்றி. சாக்பீஸ் சொன்னது சுருக்குனு இருந்துச்சு, ஆனா உண்மை. கணக்கு சார்தான் இங்க சீனியர், நாளைக்கே போய் பேசறேன். இன்னொன்னு கேக்கணும், பள்ளி மேலாண்மைக் குழுலயும் இதே நிலைமைதான், அம்மாக்கள் வர்றாங்க, கதவோரமா நிக்கறாங்க, தீர்மான நோட்டுல கையெழுத்து போட்டுட்டுப் போயிடறாங்க.

தாவணிக்காரி:
மேடம், நான் எங்க ஊர் ஸ்கூல்ல எஸ்எம்சி உறுப்பினரா இருந்தவ. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி முக்கால்வாசி பேர் பெத்தவங்க, பாதிப் பேர் பொம்பளைங்க இருக்கணும். காகிதத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆனா உறுப்பினர் பொம்பளையா இருந்தா பேசறது அவங்க வீட்டுக்காரர், சேர்ல உக்கார்றது ஊர்ப் பெரிய ஆளுங்க, காலனிலருந்து வர்ற அம்மாக்கள உக்காருன்னுகூட யாரும் சொல்றதில்ல. உக்காராதவங்க எப்படிப் பேசுவாங்க? இத எச்எம் ஒருத்தரால மட்டும்தான் மாத்த முடியும், அங்க உங்க கறாரக் காட்டுங்க. எங்களுக்கு வந்த ஒரு டீச்சர் சேர எல்லாம் எடுத்துட்டு எல்லாருக்கும் ஒரே பெஞ்சு போட்டாங்க, உறுப்பினர் இல்லாத ஆம்பளைங்கள வெளிய வெயிட் பண்ணச் சொன்னாங்க. முதல் மீட்டிங்ல முணுமுணுப்புதான். அதுக்கடுத்த மீட்டிங்ல காலனி அம்மா ஒருத்தங்க எழுந்து பொண்ணுங்க பாத்ரூம்ல தாழ்ப்பா இல்ல, புள்ள நாள் பூரா தண்ணி குடிக்காம இருக்குன்னு சொன்னாங்க, அந்த வாரமே தாழ்ப்பா போட்டாங்க. கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி தீர்மானத்த சத்தமா வாசிச்சுக் காட்டுங்க மேடம், எங்கள்ல நிறைய பேருக்கு வாசிக்க வராது.