இரவு நேவிகேஷனில் இடப்பக்கமே விலகுகிறோம், உதவுங்கள்

புது கேடட்களின் முதல் களப் பயிற்சி, செங்கல்பட்டு பக்கம் சீமைக்கருவேலங்காடு. மூன்று இரவாக, 800 மீட்டர் லெக் (ஒரே திசையில் நடக்கும் ஒரு கட்டம்) முடிவதற்குள் 70, 80 மீட்டர் இடப்பக்கம் போய்விடுகிறோம். கணக்குப் போட்டால் 5 டிகிரிக்கு மேல். பகலில் இந்தச் சிக்கலே இல்லை.

பிரிஸ்மாட்டிக் காம்பஸ்தான். திரவத்தில் குமிழி இல்லை, எதிர்த்திசைக் கோணம் (போய்ச்சேர்ந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்து எடுப்பது) சரியாக 180 டிகிரி வித்தியாசம் காட்டுகிறது. வேறு காம்பஸும் பார்த்தாயிற்று. ரைஃபிளை 3 மீட்டர் தள்ளி வைத்துத்தான் கோணம் எடுக்கிறோம். காலடி எண்ணிக்கையை 100 மீட்டருக்கு 118லிருந்து 130 ஆக்கினோம். அது தூரத்துக்குத்தான், திசைக்கு உதவாது. நட்சத்திரத்தைப் பிடித்து நடந்தாலும், அது நகரும் என்பதால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வேறொன்றுக்கு மாறுகிறோம்.

சந்தேகம் முட்புதர் மேல்தான்: எல்லாவற்றையும் இடப்பக்கமாகவே சுற்றுகிறோம். இருட்டில் 90 டிகிரி திருப்பங்களாக அடி எண்ணிச் சுற்றுவதா, ஒருவரை அப்பால் அனுப்பி அவரை நேர்கோட்டில் நிறுத்துவதா, எது நடைமுறையில் தேறும்?