சியோலைட்டை நொதியோடு ஒப்பிடுவது எந்த அளவுக்குச் சரி?

கேள்வி: வேதிமாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலை வேதியியல் வகுப்பில் வினையூக்கம் குறித்துக் கருத்தரங்க உரை ஒன்று தயாரித்து வருகிறேன். சியோலைட் போன்ற நுண்துளைத் திண்மங்கள் நொதிகளைப் போலச் செயல்படுகின்றன என்று பல கட்டுரைகள் கூறுகின்றன. ஆனால் துளைக்குள் நுழையும் மூலக்கூறு வினைபுரிகிறது, நுழைய முடியாதது வெளியே நிற்கிறது என்றால், அது சல்லடையின் வேலைதானே? நொதியோ ஒரே மூலக்கூறிலுள்ள பல பிணைப்புகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து தாக்குகிறது. அத்தகைய தெரிவுத்திறன் காட்டிய திண்மம் ஏதேனும் உண்டா?

மறுமொழி: நுண்துளை

சல்லடை வேலை தொடக்கம் மட்டுமே. 1960இல் மொபில் நிறுவனத்தைச் சேர்ந்த வைஸ், ஃப்ரிலெட் ஆகியோர் காட்டியது பெரும்பாலும் அதுதான். ஆனால் இசட்எஸ்எம்-5 என்னும் சியோலைட்டின் சுமார் 0.55 நானோமீட்டர் துளைகளுக்குள் சைலீன்களின் மூன்று மாற்றியங்களும் (ஒரே வாய்பாடும் வேறு வேறு வடிவமும் கொண்ட மூலக்கூறுகள்) ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒல்லியான பாரா சைலீன் மட்டும் பன்மடங்கு வேகமாக வெளியேறுவதால், சமநிலையில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டிய அது விளைபொருளில் மிகுந்துவிடுகிறது. வினையின் நடுவே கணநேரம் தோன்றும் கிளர்வுற்ற அணைவு, துளையின் இடவசதிக்குள் அடங்காதபோது உருவாகவே முடியாமல் ஒரு வினைவழி அடைபட்டுப்போவதும் உண்டு. நொதியோடு ஒப்பிட இது இன்னும் நெருக்கமானது.

நீங்கள் கேட்ட ஒரே பிணைப்பைத் தேர்ந்தெடுக்கும் திறனுக்கு ஹெக்சேன் நல்ல எடுத்துக்காட்டு. நேர்ச்சங்கிலி ஹெக்சேனின் முனைக் கார்பனிலுள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு, நடுக் கார்பன்களில் உள்ளதைவிட வலுவானது. ஆகவே சாதாரண ஆக்சிஜனேற்றம் நடுவில்தான் நிகழும். முனையைத் தாக்கும் நொதிகள் இயற்கையில் உண்டு. 1999இல் ஜான் மியூரிக் தாமஸ், ராபர்ட் ராஜா, கோபிநாதன் சங்கர், ராபர்ட் பெல் ஆகியோர், அலுமினியத்தின் சிறு பங்குக்குப் பதிலாகக் கோபால்ட் அல்லது மாங்கனீசை வைத்த அலுமினோபாஸ்பேட்-18 என்னும் நுண்துளைத் திண்மத்தைப் பயன்படுத்தி, ஆக்சிஜனைக் கொண்டே முனைக் கார்பனை ஆக்சிஜனேற்றியதாக அறிவித்தனர். துளைவாயின் அளவு 0.38 நானோமீட்டர், சங்கிலி தன் முனையை முன்னே நீட்டித்தான் உள்ளே நுழைய முடியும் என்பது அவர்கள் தந்த விளக்கம். கோபால்ட்டின் செறிவைக் கூட்டியபோது இரு முனைகளும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, நைலானின் மூலப்பொருளான அடிபிக் அமிலம் கூடுதலாகக் கிடைத்தது என்றும் தெரிவித்தனர். தொழிற்சாலைகளில் இந்த அமிலத்தை நைட்ரிக் அமிலம் கொண்டு தயாரிக்கும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்னும் பசுமைக்குடில் வாயு வெளியாவதை நினைத்தால், இந்த வழி ஏன் அவ்வளவு நம்பிக்கை தந்தது என்பது விளங்கும்.

மறுமொழி: படிகவியல்

இந்த எடுத்துக்காட்டை அப்படியே உரையில் வைப்பதற்கு முன் அதன் தொடர்ச்சியையும் படியுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இக்லேசியாவின் குழு பின்னர் இதே வகைத் திண்மங்களை ஆராய்ந்து, முனைக் கார்பனுக்கான தெரிவு குறைவாகவே இருந்தது என்றும், குறுகிய துளையால் அது உயரவில்லை என்றும் தெரிவித்தது. தனி உறுப்புகள் (இணையாத எலக்ட்ரான் கொண்ட, வினைத்திறன் மிக்க துகள்கள்) தொடர்ந்து நடத்தும் சங்கிலி வினைகளில், வினை உண்மையில் துளைக்குள்தான் நிகழ்ந்தது என்று நிறுவுவது கடினம். துளையின் அளவைக் காட்டித் தெரிவுத்திறனை விளக்கும் எந்தக் கூற்றுக்கும், வினை துளைக்குள்தான் நிகழ்ந்ததா என்ற சோதனை தேவை.

வேதிமாணவி

மிக்க நன்றி. அப்படியானால், துளையின் பங்கு ஐயமின்றி நிறுவப்பட்ட ஒரு நிகழ்வு உண்டா?

மறுமொழி: படிகவியல்

மீத்தேனை எடுத்துக்கொள்ளலாம். அதன் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்க மோலுக்குச் சுமார் 440 கிலோஜூல் வேண்டும். ஆயினும் இரும்பு பொதிந்த இசட்எஸ்எம்-5ஐ நைட்ரஸ் ஆக்சைடால் ஆக்சிஜனேற்றினால், அங்கு உருவாகும் ‘ஆல்ஃபா ஆக்சிஜன்’ அறை வெப்பநிலையிலேயே மீத்தேனைத் தாக்கும் என்று நோவோசிபிர்ஸ்கில் பானோவின் குழு காட்டியது. அந்த மையம் நான்காம் ஆக்சிஜனேற்ற நிலையிலுள்ள ஒற்றை இரும்பு-ஆக்சோ தொகுதி (ஓர் இரும்பு அணுவோடு ஓர் ஆக்சிஜன் அணு இணைந்தது) என்பதை, ஸ்டான்ஃபோர்டு, லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் நிறமாலை மூலம் நிறுவினர். விறைப்பான சட்டகம் இரும்பை இயல்புக்கு மாறான வடிவில் பிடித்து வைப்பதே இந்த வினைத்திறனுக்குக் காரணம். பல உலோக நொதிகளில் புரதம் செய்வதும் இதையே ஒத்தது.

துளையின் பங்கு 2021இல் இன்னும் தெளிவானது. அகன்ற துளையுடைய பீட்டா சியோலைட்டில், மீத்தேனிலிருந்து பிறக்கும் மெத்தில் தனி உறுப்பு நழுவிப்போய் அடுத்த இரும்பு மையத்தைச் செயலிழக்கச் செய்கிறது. 0.38 நானோமீட்டர் சாளரம் கொண்ட சாபசைட் என்னும் சியோலைட்டிலோ அது கூண்டுக்குள்ளேயே நின்று, பிறந்த மையத்துடனேயே மீண்டும் இணைந்து மெத்தனாலாகிறது. அதனால் மையங்களில் ஒரு பகுதி மீண்டும் பயன்படுகிறது. உங்கள் உரைக்கு இதை மையமாக வைக்கலாம்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள்: மீத்தேனை ஆக்சிஜனேற்றும் நொதி மெத்தனாலை விடுவித்துவிட்டு உடனே அடுத்த மூலக்கூறுக்குத் தயாராகிவிடும். இங்கே அறை வெப்பநிலையில் விளைபொருள் பரப்பிலேயே ஒட்டிக்கொள்வதால், நீராலோ வேறு கரைப்பானாலோ அதைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.